வெறும் எண்ணுக்கு எத்தனை வாசல்

நெகிரி செம்பிலானில் ஒருவர் “லிங்கி” என்று சொன்னால், “எந்த லிங்கி?” என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். சிரம்பான் பக்கமிருந்து ஓடிவந்து மலாக்கா நீரிணையில் கலக்கும் ஆற்றின் பெயர் லிங்கி. போர்ட்டிக்சன் மாவட்டத்துச் சிறு பட்டணமும் லிங்கி. அந்த ஆறு கடலைத் தொடும் கோலா லிங்கியோ மலாக்கா மாநிலத்துக்குள் இருக்கிறது. ரப்பர் காலத்து ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று லிங்கி பிளாண்டேஷன்ஸ் என்றே பெயர் வைத்துக்கொண்டிருந்தது. தம்பின் லிங்கி என்று ஒரு தோட்டமும் உண்டு. ஆனால் தம்பின் தனியே இன்னோர் ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் தடுமாற்றம் கிடையாது. பேசுகிறவர் யார், எங்கே நின்று பேசுகிறார் என்பதை வைத்துப் புரிந்துகொள்வார்கள். புரியாவிட்டால் கேட்டுவிடுவார்கள்.

தோட்டத்துக்குள் போனால் பெயரோடு எண்ணும் சேர்ந்துகொள்ளும். பெரிய தோட்டங்கள் டிவிஷன்களாகப் பிரிந்தவை. நாலாம் டிவிஷன் என்றால் எந்தத் தோட்டத்து நாலாம் டிவிஷன்? லாபு வட்டாரத்தில் லாபு பகுதி 1, லாபு பகுதி 4 என்று டிவிஷன் எண்ணையே பெயரில் ஏந்திய தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ‘லாபு பள்ளி’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் போதாது. ஆள் பதிவேடான செக்ரோலில் ஆளுக்கு ஓர் எண், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஓர் எண், வெட்டுக்காட்டில் நிரைக்கு ஓர் எண். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்து எழுத்தரான கிராணி “பதினேழு” என்று கூப்பிட்டால் அது எந்தப் பதினேழு என்று நிற்கிற ஒருவருக்கும் சந்தேகம் வராது. அதே பதினேழு, பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லாமல், பல வருடம் கழித்துப் பழைய தாளொன்றில் கிடைத்தால் அது ஆளா, வீடா, நிரையா என்று சொல்ல யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இன்றைக்கு மென்பொருள் எழுதுகிற ஏறக்குறைய ஒவ்வொரு இடத்திலும் இப்படியோர் எண் ஏடு இருக்கிறது. பிழை, கோரிக்கை, செய்யவேண்டிய வேலை என எது வந்தாலும் அது ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். டிக்கெட்டுக்கு ஓர் எண் விழும். அந்த ஏடுகளின் தேடல் பெட்டிகளில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. எழுதியது டிக்கெட் எண் போலத் தெரிந்தால், தேடி வரிசை காட்டுவதை விட்டுவிட்டு, நேராக அந்த டிக்கெட்டைத் திறந்துவிடுவது. டிராக் என்ற பழைய மென்பொருளில் #42 என்று எழுதினால் 42ஆம் டிக்கெட் திறக்கும். அதே 42ஐச் சதுர அடைப்புக்குள் போட்டால் நிரலில் 42ஆவதாக நடந்த மாற்றம் திறக்கும். மோசில்லாவில் பிறந்த பக்சில்லாவில் குறியே வேண்டாம், எண்ணை மட்டும் எழுதினால் போதும். ஜிராவில் ஏபிசி-107 என்று எழுதினால் ஏபிசி திட்டத்தின் 107ஆம் டிக்கெட். நீங்கள் ஏற்கெனவே அந்தத் திட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தால் 107 என்று மட்டும் எழுதினாலே அது போய்ச்சேரும் என்று ஜிராவின் கையேடு சொல்லித்தந்தது.

இந்த வழக்கத்தின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் டிக்கெட்டோடு கிடக்கிறவருக்கு எண்தான் நினைவில் நிற்கும். அவர் எண்ணை எழுதும்போது ஒரு குறிப்பிட்ட டிக்கெட்டைக் கேட்கிறாரே தவிர, அந்த எண் எங்கெங்கே வருகிறது என்று ஆராயவில்லை. அவருக்கு முன்னால் இருபது வரி விடைப் பட்டியலை நீட்டுவது அவர் நேரத்தைத் திருடுவதுதான். நள்ளிரவில் சர்வர் விழுந்து, நான்கு பேர் நான்கு நாட்டிலிருந்து ஒரே பிழையைத் திறக்க வேண்டிய நேரத்தில் அந்த ஒரு படி மிச்சமாவது பெரிய காரியம்.

இன்னொரு பலம் தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். எண்ணுக்கு எழுத்துப்பிழை இல்லை. மலேசியத் தமிழர் பெயர்கள் பதிவு அலுவலகத்தில் கேட்ட காதுக்கும் எழுதிய கைக்கும் ஏற்ப உரோம எழுத்தில் மாறி விழுந்தவை. முனியம்மாளும் சுப்பிரமணியமும் ஒரே குடும்பத்தின் ஆவணங்களிலேயே இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது சாதாரணம். அண்ணன் தம்பிக்குத் தகப்பன் பெயர் இரண்டு விதமாக விழுந்து, அதைச் சரிசெய்ய அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. பெயரை வைத்துத் தேடினால் ஆள் தொலைந்துபோவார். அடையாள அட்டை எண்ணை வைத்துத் தேடினால் கிடைப்பார். தமிழ், மலாய், சீனம் பேசுகிறவர்கள் ஒன்றாக வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் டிக்கெட்டின் தலைப்பை ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருப்பார்கள். எண் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. எண்ணை மதிக்காத தேடல் பெட்டியை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் எண் எப்போதும் டிக்கெட்டின் எண்ணாக மட்டும் வருவதில்லை என்பதுதான் கோளாறின் வேர். 404 என்பது பக்கம் கிடைக்கவில்லை என்று இணையச் சர்வர் சொல்லும் குறியீடு. அதைப் பற்றிய பிழைகள் எல்லாவற்றையும் பார்க்க விரும்பி ஒருவர் 404 என்று எழுதினால், பக்சில்லா போன்ற ஏடு அவரை எப்போதோ பதிவான நானூற்று நான்காம் பிழைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். 2038 என்பது 32 பிட் கணினிகளின் நேரக் கணக்கு நிரம்பி வழியும் ஆண்டு. அதைத் தேடுகிறவருக்கும் இதே கதி. எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியிருந்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். அதுவும் முழுக்கக் காக்காது. எழுத்துக் குறியாக்க முறையின் பெயரான யுடிஎஃப்-8, எஸ்எச்ஏ-256 இரண்டும் திட்டப் பெயரும் டிக்கெட் எண்ணும் போலவே இருக்கின்றன. உலகமே பதறிய 2021 டிசம்பரின் லாக்4ஜே மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைக்குப் பெயர் சிவிஇ-2021-44228. அதன் முன்பாதியை மட்டும் பார்க்கிற நிரல், சிவிஇ என்ற திட்டத்தின் 2021ஆம் டிக்கெட் என்று எண்ணிக்கொள்ளும். தமிழ் எழுத்து உடைந்து வருகிறது, கட்டம் கட்டமாக வருகிறது என்று பிழை தேடப்போகிறவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் யுடிஎஃப்-8 என்றுதான். அந்த முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். எங்கோ ஒரு பைட் நறுக்கப்பட்டால் சொல்லே சிதையும். உண்மையான தேவையோடு வருகிற அவரைத்தான் நேரடித் தாவல் தவறான இடத்துக்கு அனுப்பக் காத்திருக்கிறது.

டிராக்கைச் செய்தவர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். தாவல் வேண்டாம், சொல்லைத் தேடு என்று சொல்ல விரும்பினால் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடலாம் என்று வழி வைத்தார்கள். வழி நல்லது. ஆனால் அது கையேடு படித்தவருக்கு மட்டும் திறக்கிற வழி. தவறாகத் தாவியது என்றே தெரியாதவர் தப்பிக்கும் குறியைத் தேட மாட்டார். புதிதாக வந்தவர் ‘இங்கே 404 பற்றி ஒரே ஒரு பிழைதான் இருக்கிறது போல’ என்று முடிவுகட்டிப் போய்விடுவார். நேரடித் தாவலில் எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுவது இந்த மௌனம். ஊகம் செய்வதில் தப்பில்லை. ஊகம் செய்தேன் என்று சொல்லாமல், விடையை மட்டும் நீட்டுவது தப்பு.

ஜிராவின் வழி நுட்பமானது, அதனாலேயே இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. நிற்கிற இடத்தை வைத்து எண்ணுக்குப் பொருள் சொல்வது லிங்கிக்காரர் செய்வதேதான். போர்ட்டிக்சன் சந்தையில் நின்று லிங்கி என்றால் பட்டணம்; மீன் பிடிக்கிறவர் சொன்னால் ஆறு. மனிதர்கள் பேசும்போது இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், அதனால் அது வேலை செய்கிறது. தேடல் பெட்டியில் அப்படியில்லை. இரண்டு திட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் 107 என்று காலையில் எழுதும்போது ஒரு டிக்கெட்டும், மாலையில் எழுதும்போது இன்னொன்றும் திறக்கும். அவர் மனத்தில் மாறாத ஒன்று திரையில் மாறுகிறது. “107ஐப் பாருங்க அண்ணே” என்று சகவேலைக்காரர் அனுப்பிய செய்தியை வேறு திட்டத்தில் நின்றபடி திறக்கிறவர் வேறெதையோ படித்துவிட்டுப் பதில் எழுதுவார். இரண்டு பேரும் ஒழுங்காகவே நடந்துகொண்டிருப்பார்கள், பேச்சு மட்டும் எங்கோ பிசகியிருக்கும்.

ஒரே திட்டத்துக்குள்ளேயே ஓர் எண் இரண்டைக் குறிக்கலாம் என்ற சிக்கலை, நிரல் தளமான கிட்லாப் குறிகளால் தீர்க்கப் பார்த்தது. #42 என்றால் பிழை, !42 என்றால் நிரலைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை. இரண்டுக்கும் தனித்தனி எண்வரிசை, ஆகவே இரண்டு 42களும் ஒரே திட்டத்தில் இருக்கலாம். எழுத்தில் இது தெளிவு. வாயால் சொல்லும்போது குறி உதிர்ந்துவிடும். கூட்டத்தில் யாரும் “ஆச்சரியக்குறி நாற்பத்திரண்டு” என்று சொல்வதில்லை. கிட்ஹப் மறுபக்கம் சாய்ந்தது: பிழைகளும் கோரிக்கைகளும் ஒரே எண்வரிசையில் வருகின்றன, ஒரு திட்டத்துக்குள் ஒரே ஒரு 42தான். பேச்சுவழக்கைப் பொறுத்தவரை கிட்ஹப்பின் முடிவே நல்லது என்று நினைக்கிறேன். எண்களின் இடையே ஓட்டை விழுகிறதே, பிழைகளை வரிசையாக எண்ண முடியவில்லையே என்பது சின்ன விலை.

எண்ணுக்குள்ளேயே சூழலைப் பொதிந்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு மலேசியர் பையிலேயே ஒரு விடை இருக்கிறது. மலாயாவில் அடையாள அட்டை 1948இல், அவசரகாலத்தில் வந்தது. பழைய எண்களில் ஆளின் பிறந்த நாள் பொதிந்திருக்கவில்லை. 1990இல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம். நெகிரி செம்பிலானுக்கு 05. முதல் ஆறில் ஒரு இலக்கம் மாறி எழுதப்பட்டால் பிறந்த நாளோடு ஒத்துவராமல் அங்கேயே இடிக்கும். பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இது பெரிய பலம். விலையும் உண்டு: எண்ணைப் பார்த்த யாருக்கும் வயதும் பிறந்த மாநிலமும் தெரிந்துவிடுகின்றன. மேலும், பொதிந்துவைத்த சேதி பிற்பாடு மாறாததாக இருந்தால்தான் இந்த முறை நிலைக்கும். பிறந்த ஊர் மாறாது. ஜிராவில் டிக்கெட்டை ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் முன்னொட்டு மாறிவிடும். பழைய எண்ணைத் தட்டினால் புதிய இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருப்பதால் அங்கே பிழைத்துக்கொள்கிறார்கள்.

இடமாற்றம் என்று வரும்போதுதான் வெறும் எண்ணின் பலவீனம் முழுதாக வெளிப்படும். 1950களின் பிற்பகுதியிலிருந்து மலாயாவில் தோட்டத் துண்டாடல் நடந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகள் கைவிட்ட தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது தொழிலாளர்கள் சேர்த்த பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கி அந்தச் சிதறலைத் தடுக்கத்தான். கைமாறிய தோட்டத்தில் டிவிஷனின் பெயரோ எண்ணோ மாறலாம், லயம் இடிபடலாம், ஏடு யார் கைக்குப் போனது என்பதும் தெரியாமல் போகலாம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் லயத்து வீட்டில் பிறந்து, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு முதுமைக்கு வந்தவர்கள், தங்கள் பெற்றோர் இந்த மண்ணில் வேலை செய்தார்கள் என்று காட்ட ஒரு தாளைத் தேடும்போது, அந்தத் தாளில் தோட்டத்தின் பெயர் முழுதாக எழுதப்பட்டிருக்கிறதா, வெறும் டிவிஷன் எண் மட்டும் இருக்கிறதா என்பது வாழ்க்கையைத் தீர்மானிக்கிற வேறுபாடு. தப்பான ஆளின் தாளோடு பொருத்திவிட்டால், ஒன்றும் கிடைக்காததைவிடக் கேடு.

மென்பொருள் ஏடுகளும் இப்படிக் குடிபெயர்கின்றன. விக்கிமீடியா அறக்கட்டளை 2014 நவம்பரில் பக்சில்லாவிலிருந்து பேப்ரிகேட்டருக்கு மாறியது. தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழி விக்கிகளின் மென்பொருள் பிழைகளும் பதிவாகும் இடம் அது. புதிய ஏட்டில் முதல் எண்கள் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்ததால், பழைய பிழை எண்ணோடு 2000 கூட்டிப் புதிய எண் கொடுத்தார்கள். பிழை 1 என்பது டி2001 ஆனது. இந்த முடிவை நான் மெச்சுகிறேன். சர்வரே இல்லாவிட்டாலும் மனக்கணக்கில் போட்டுவிடலாம். திரும்பவும் கழித்துப் பார்க்கலாம். பழைய இணைப்பைத் தட்டினால் புதிய இடத்துக்குப் போகும்படியும் செய்தார்கள். ஆனால் இதன் பலவீனம் பலத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. 2012இல் எழுதிய ஒரு குறிப்பில் வெறும் 30000 என்று இருந்தால் அது இன்றைய டி32000. டி30000 என்பதும் இருக்கிறது. அது பழைய 28000. இரண்டு வாசலும் திறந்தே இருக்கின்றன, இரண்டுக்குள்ளும் ஆள் இருக்கிறார். பூட்டிய வாசலில் முட்டினால் தவறு உடனே தெரிந்திருக்கும். டி என்ற ஓரெழுத்து முன்னொட்டு மட்டும்தான் இங்கே காவல், அதை எழுத மறந்தவரைக் காப்பாற்ற வேறொன்றும் இல்லை.

பைத்தான் மொழிக்காரர்கள் வேறு வழி போனார்கள். அவர்கள் நிரல் 2017 பிப்ரவரியில் கிட்ஹப்புக்குப் போனது. பிழைகளின் ஏடு பழைய இடத்திலேயே இருந்தது. கிட்ஹப்பில் கோரிக்கைகளுக்கு 1இலிருந்து எண் விழத் தொடங்க, ஆயிரம் என்ற எண்ணுக்கு இரண்டு பொருள் வந்துவிட்டது. அதனால் பழைய ஏட்டின் எண்ணை எங்கே எழுதினாலும் பிபிஓ- என்ற முன்னொட்டோடு எழுதுவது வழக்கமானது. 2022 ஏப்ரலில் பிழைகளும் கிட்ஹப்புக்கு வந்தபோது புதிய எண்கள் விழுந்தன, அவற்றுக்கு ஜிஎச்- என்ற முன்னொட்டு. பழைய எண்ணுக்கும் புதியதற்கும் கணக்கு உறவு கிடையாது. ஆனால் குடிபெயர்ந்த ஒவ்வொரு பிழையின் உடலிலும் பழைய எண் எழுதப்பட்டிருக்கிறது, பழைய ஏடும் படிக்க மட்டும் திறந்திருக்கிறது. விக்கிமீடியாவின் கூட்டல் அழகானது. பைத்தானின் முன்னொட்டுப் பழக்கம் அதைவிட நம்பகமானது. கூட்டலைச் செய்யலாமா வேண்டாமா என்பது எண் எந்த ஏட்டினது என்று தெரிந்தவருக்கே விளங்கும். முன்னொட்டு அந்தக் கேள்வியையே எழவிடாது.

தேடல் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல முன்மாதிரி, தேடல் பெட்டியே இல்லாத ஒரு கருவியிடம் இருக்கிறது. கிட் என்ற நிரல் காப்பகத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாற்பது எழுத்து நீளக் குறி உண்டு. முதல் சில எழுத்தைச் சொன்னாலே போதும். அந்தச் சில எழுத்தில் இரண்டு குறிகள் தொடங்கினால் கிட் எதையும் தானாகத் தேர்ந்தெடுக்காது. தெளிவில்லை என்று மறுத்துவிடும். 2016இல் வந்த 2.11ஆம் பதிப்பிலிருந்து மறுப்பதோடு நிற்காமல், பொருந்துகிறவை இவை என்று ஒவ்வொன்றையும் அதன் வகையோடும், மாற்றமாக இருந்தால் நாளோடும் தலைப்போடும் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ஒன்றுதான் பொருந்தினால் நேரே போ, இரண்டானால் கேள். லிங்கிக்காரரின் நடைமுறை இதுவே.

இதற்கு எதிரான வாதம் ஒன்றை மட்டும் கனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய ஏட்டில் ஏறக்குறைய எந்த எண்ணுக்கும் இரண்டு பொருள் இருக்கும். ஒவ்வொரு முறையும் கேட்டால் தாவலின் வேகமே போய்விடும். உண்மை. அதனால் எப்போதும் நிறுத்திக் கேள் என்று நான் சொல்ல மாட்டேன். குறியோ முன்னொட்டோ சேர்த்து எழுதியவர் தன் எண்ணத்தைச் சொல்லிவிட்டார். அவரைத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். வெறும் எண்ணை எழுதியவருக்கு, மிகப் பொருத்தமான டிக்கெட்டைத் திறந்தே காட்டலாம், ஆனால் மேலே ஒரு வரி வேண்டும்: நீங்கள் எழுதிய எண்ணை இந்தத் திட்டத்தின் டிக்கெட்டாக எடுத்துக்கொண்டோம், இந்த எண் வருகிற மற்ற இடங்கள் இத்தனை. அந்த வரியைத் தட்டினால் பட்டியல். பட்டியலில் எண் மட்டும் போதாது. தலைப்பு, திட்டம், ஆண்டு, மூடப்பட்டதா என்ற நான்கும் வேண்டும். கண் ஒரு நொடியில் தேர்ந்தெடுக்க அவைதான் உதவும். நான் பார்த்த ஏடுகளில் தலைப்பைப் பாதியில் நறுக்கிப் பட்டியல் காட்டுகிறவை பல. அது கேட்காமல் தாவியதற்கு ஏறக்குறைய சமம்.

பாதிப் பொறுப்பு எழுதுகிறவருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், குறிப்பில் விட்டுப்போனதை அது உண்டாக்கித் தர முடியாது. லினக்ஸ் கருநிரலில் ஒரு திருத்தம் எந்தப் பழைய மாற்றத்தைச் சரிசெய்கிறது என்று எழுதும்போது, குறியின் முதல் பன்னிரண்டு எழுத்தோடு அந்த மாற்றத்தின் தலைப்பையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது விதி. குறியில் ஓர் எழுத்து பிசகினாலும் தலைப்பு காப்பாற்றும். தலைப்பைப் போல இன்னொன்று இருந்தாலும் குறி காப்பாற்றும். மலேசிய அடையாள அட்டையில் பெயரோடு அனாக் லெலாக்கி என்றோ அனாக் பெரெம்புவான் என்றோ எழுதித் தகப்பன் பெயரையும் சேர்த்து, அதற்கும் மேல் எண்ணும் வைத்திருப்பது இதே வேலையைத்தான் செய்கிறது. நூறு ராமசாமிகள் இருந்த தோட்டப்புறத்தில் ஏதாவது ஒன்று மட்டும் போதும் என்று நினைத்தவர் யாருமில்லை.

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்புகளின் மாற்றக் குறிப்புகளில் எழுதுகிறவரின் இந்தப் பொறுப்பு சிக்கலாவது தெரியும். டெபியன் தன் சொந்த ஏட்டின் எண்ணுக்கு வெறும் # மட்டும் போடுகிறது. உபுண்டுக்காரர்கள் லாஞ்ச்பேட் ஏட்டின் எண்ணுக்கு முன்னால் எல்பி: என்று சேர்க்கிறார்கள். ஒரே கோப்பில் இரண்டும் வந்தாலும் குழப்பமில்லை, அந்தக் கோப்பு தன் வீட்டில் இருக்கும்வரை. ஆனால் அதே வரிகள் கிட்ஹப்பில் ஒரு பிரதிக்குள் மாற்றச் செய்தியாக நுழைந்தால், அந்தத் திட்டத்தில் அதே எண் இருக்கும் பட்சத்தில், # போட்ட எண் அந்த அந்நியப் பிழைக்கு இணைப்பாகிவிடும். எல்பி: போட்ட வரியைப் படிக்கிற மனிதருக்காவது அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். டெபியனின் வெறும் எண்ணுக்கு அதுவும் இல்லை. தன் வீட்டுக்குள்ளேயே எழுதும்போதும் வீட்டின் பெயரைச் சேர்த்து எழுதச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். பைத்தான்காரர்கள் ஐந்து வருடம் பிபிஓ- என்று விடாமல் எழுதியதால்தான், 2022இல் குடிபெயர்ந்தபோது அந்த வருடங்களின் மாற்றக் குறிப்புகள் எந்த ஏட்டைச் சொல்கின்றன என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.